அகத்துக்குப் பெயர் இல்லை, புறத்துக்கு உண்டு

(கல்லூரித் தமிழ்த்துறையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் சங்க இலக்கியம், சிற்றிலக்கியம், பதிப்பு வரலாறு என்று பேசிச் சென்றிருக்கிறார்கள். எனக்கும் பதிப்பு வரலாறுதான் தொழில். ஆனால் அழைப்பு விடுத்த துறைத்தலைவர், "பிள்ளைகள் கேட்க நினைப்பதைப் பேசுங்கள், ஐயா" என்றார். அப்படியானால் பிள்ளைகளிடமே கேட்டு எழுதி வாங்கி அனுப்புங்கள் என்றேன். வந்த துண்டுத்தாள்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: சமூக வலைத்தளங்களால் நமக்கு நன்மையா, தீமையா?

பட்டிமன்றத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடி, தீர்ப்பைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற தலைப்பு அது. ஆனால் ஒரு தாளில் கேள்விக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "எங்கள் விடுதித் தோழி படிப்பை நிறுத்தியதற்கு ஒரு படம்தான் காரணம்." அந்தத் தாளுக்கு விடை சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. புறத்துக்கு அந்தத் தடை இல்லை. பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், எந்தச் சூழலில் பாடியது என்று புறநானூற்றுப் பாட்டின் அடியில் குறிப்பு இருக்கும். 1894இல் உ.வே.சா. அந்நூலைப் பதிப்பித்தார். குறிப்பு சிதைந்துபோன பாட்டுகளில் யார் யாரைப் பாடினார் என்று அவராலும் சொல்ல முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை. ஒருவருடைய அந்தரங்கம் பெயரில்லாமல் இருக்க வேண்டும். ஊருக்குச் சொல்லும் செய்தி பெயரோடு வர வேண்டும். இதை இலக்கண விதியாக முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தினேன். அது வாழ்க்கைக்கும் நெறி என்பதை இந்தப் பத்து ஆண்டுகளில்தான் உணர்ந்தேன். சமூக வலைத்தளம் அந்த நெறியைக் காத்த இடங்களில் நமக்கு உயிர்த்துணையாக நின்றது. அதைத் தலைகீழாக்கிய இடங்களில் உயிரை வாங்கியது.

1. எத்தனை மணி நேரம் என்ற கேள்வி

பெற்றோர்கள் கேட்பது நேரக்கணக்கை. ஆய்வாளர்களும் அதைத்தான் அதிகம் அளந்திருக்கிறார்கள். 2018இல் அமெரிக்காவில் பொருளியல் ஆய்வாளர் சிலர், ஃபேஸ்புக் பயன்படுத்துவோர் பலருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் கணக்கை முடக்கி வைக்கச் செய்தார்கள். நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் மிச்சமானது. மன நிறைவு கொஞ்சம் கூடியது, அரசியல் பிளவு கொஞ்சம் தணிந்தது. ஆனால் நாட்டு நடப்பைப் பற்றிய அறிவும் கூடவே குறைந்தது. 2019இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி என்ற இருவர் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரின் தரவுகளைப் பார்த்து, இளையோர் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் கருவிகளின் பங்கு 0.4 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்றார்கள்.

இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் பேருக்கு ஒன்றும் ஆகாமல் ஒருத்திக்கு எல்லாம் ஆகிவிட்டால், சராசரியில் அவள் தெரியமாட்டாள். நம் விடுதியில் அவள் இருந்த கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. ஆகவே நேரக்கணக்கை இத்துடன் விடுகிறேன்.

2. மழை நாளில் பெயரோடு வந்த செய்தி

2015 டிசம்பரில் நான் மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் குடியிருந்தேன். டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை என்று பிறகு படித்தோம். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், இரவு பத்து மணிக்கு வாசற்படியில் நின்ற தண்ணீர் விடியும்போது கீழ்வீட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டது என்பதுதான். கீழ்வீட்டார் ஐந்து பேரும் நாங்கள் மூவரும் மாடியில் இருந்தோம். மின்சாரம் இல்லை. கைப்பேசியில் எப்போதாவது ஒரு கோடு சிக்னல் வரும்.

அப்படி ஒரு கோடு வந்தபோது சிங்கப்பூரிலிருந்து என் பழைய மாணவன் அழைத்தான். "ஐயா, உங்கள் முகவரி எங்கள் பட்டியலில் வந்திருக்கிறது. எத்தனை பேர்? எந்த மாடி? மருந்து யாருக்காவது வேண்டுமா?" மூன்று கேள்விதான். பட்டியலை நான் பார்த்தது இரண்டு வாரம் கழித்து, அவன் ஊருக்கு வந்தபோது. அவனைப் போல முன்பின் அறியாத பலர் சேர்ந்து, ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் வந்த உதவிக் குரல்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிவைத்த பட்டியல் அது. பெயர், தெரு, மாடி, ஆள் எண்ணிக்கை, முதியவர் உண்டா, தொடர்பு எண், தகவல் தந்தவர், கடைசியாகப் பேசிய நேரம் என்று கட்டங்கள். என் பெயருக்கு நேரே, "பேசியாயிற்று, மாடியில் பத்திரம், மருந்து இருக்கிறது, அவசரமில்லை" என்று எழுதியிருந்தான். அதற்கு அடுத்த வரி இரண்டு தெரு தள்ளி ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. "படகு போயிற்று" என்றும், அதன்கீழ் வேறொருவர் எழுத்தில் நேரத்தோடு "கரை சேர்ந்தார்" என்றும் இருந்தது. அன்று சென்னைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளோடு தெருக்களுக்குள் வந்தார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதைப் பல இடங்களில் இத்தகைய பட்டியல்கள்தாம் சொல்லின.

எனக்கு அவசரமில்லை என்று எழுதியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவனுக்கு நான் ஆசிரியன். பாசத்தில் என்னை முதலில் ஏற்றியிருக்கலாம். என்னிடமே பேசி, உண்மையை எழுதி, என்னைக் கீழே வைத்தான். அதனால் அந்தக் கர்ப்பிணி மேலே வந்தார்.

அதே மழையில் வேறு செய்திகளும் சுற்றின. வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றார்கள். இன்னும் பேய்மழை வரும் என்று நாசா சொன்னதாக ஒரு செய்தி. பண்ணையை நடத்துவோர் மறுத்தார்கள், நாசாவும் மறுத்தது. அந்தச் செய்திகளில் நம்பவைக்கும் பெயர் இருந்தது. கேட்டால் பதில் சொல்லும் ஆள் இல்லை. நான் பெயர் என்று சொல்வது திருப்பிக் கேட்கக்கூடிய பெயரை.

3. பெயர் உதிர்ந்த செய்தி

இரண்டரை ஆண்டு கழித்து அதே தமிழ்நாட்டில், அதே கைப்பேசிகளில் நடந்தது இது. 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் செய்திகள் பரவின. மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போனது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே வண்டியை நிறுத்தினார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். ஊர் கூடிவிட்டது. அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஓர் ஆடவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை 1ஆம் தேதி மராட்டியத்தில் துலே மாவட்டத்தின் ரெயின்பாடா என்ற சிற்றூரில் ஐந்து நாடோடிகள் கொல்லப்பட்டார்கள்.

அடித்துக் கொன்றவர்கள் எல்லோரும் கொலைகாரராகப் பிறந்தவர்களா? தங்கள் பிள்ளைகளுக்காகப் பயந்தவர்கள். அவர்கள் கைக்கு வந்த செய்தி எப்படிப்பட்டது என்று பாருங்கள். அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சுற்றிய ஒரு காணொளி, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்தது. கடைசியில் குழந்தையைத் திருப்பி இறக்கிவிட்டு, இது விழிப்புணர்வுக்காக என்று அட்டை காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். யார் எடுத்தது, எந்த ஊர், எதற்காக என்ற மூன்றும் அந்த ஒரு வெட்டில் போய்விட்டன. புறப்பாட்டின் அடிக்குறிப்பைக் கிழித்தெறிந்ததற்குச் சமம் அது. மீதியை வாட்ஸ்அப்பின் அமைப்பே செய்தது. ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்தால் முதலில் எழுதியவர் பெயர் கூடவே போகாது. உங்கள் மாமா பெயரில்தான் அது உங்களுக்கு வந்து சேரும். மாமா பொய் சொல்லமாட்டார் அல்லவா? எழுதியவனுக்குக் கிடைக்கவேண்டிய ஐயம் நீங்கி, அனுப்பியவருக்கு உரிய நம்பிக்கை அந்தச் செய்திக்குக் கிடைத்துவிடுகிறது.

இது மனித இயல்பு, என்ன செய்ய முடியும் என்று கைவிரிப்பவர்களுக்கு ஒரு சான்று. அந்தக் கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஃபார்வர்டு ஆன செய்தி என்ற அடையாளத்தைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப முடியாது என்றும் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. மனித இயல்பு அந்த மாதத்தில் மாறிவிடவில்லை. ஒரு பொத்தானின் அளவு மாறியது. அந்த மாற்றம் இரண்டு ஆண்டு முன்னதாக வந்திருந்தால் போளூர்ப் பாதையில் அந்த அம்மா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

4. யார் சொன்னார் என்பதற்குப் பதில் எத்தனை பேர் சினந்தார்

ஃபேஸ்புக் போன்ற தளங்களில் செய்தி கைமாறுவதோடு நிற்பதில்லை. எது உங்கள் கண்ணில் முதலில் படவேண்டும் என்று எந்திரம் வரிசைப்படுத்துகிறது. வெறும் லைக்கைவிட முகக்குறி இட்ட பதிவுக்கு ஐந்து மடங்கு எடை கொடுக்கும் முறையை 2017இல் அந்த நிறுவனம் கொண்டுவந்தது. சினக்குறியும் அதில் அடக்கம். சினம் மூட்டும் பதிவுகளில் பொய் மிகுதி என்று அவர்களுடைய ஆய்வாளர்களே கண்டு, 2020இல் சினக்குறியின் எடையைப் பூச்சியமாக்கினார்கள். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில்தான் இலங்கையில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2018 மார்ச்சில் நடந்த அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. வீடு எரிந்தவர்களுக்கு அந்த மன்னிப்பு எந்த மொழியில் போய்ச் சேர்ந்ததோ, எனக்குத் தெரியவில்லை.

5. அலருக்கு ஊர் என்ற எல்லை இருந்தது

இப்போது அகத்துக்கு வருகிறேன். இதைத்தான் இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சைச் சங்கத்தார் இரண்டாகப் பிரித்தார்கள். சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். பலர் அறிய வெளிப்பட்டுப் பரவுவது அலர். அரும்பும் மலரும் போல என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். திருக்குறளில் அலருக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அலர் கொடியதுதான். தலைவி வாடுகிறாள், தாய் வீட்டுக்குள் வைத்துக் காக்கிறாள். ஆனாலும் அந்த அலருக்கு ஓர் எல்லை இருந்தது: ஊர். பேசுபவர்கள் யார் என்று தலைவிக்குத் தெரியும். பக்கத்து ஊரில் அவளை யாரும் அறியமாட்டார்கள். மணம் முடிந்தால் அலர் ஓய்ந்துவிடும். பாடிய புலவரோ அவள் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை.

இன்றைய அலருக்கு ஊரும் இல்லை, ஓய்வும் இல்லை. பேசுகிறவனுக்கு முகம் கிடையாது, பேசப்படுகிற பெண்ணின் பெயர், படம், கல்லூரி, தெரு எல்லாம் அதில் இருக்கின்றன. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம் பட்டதாரிப் பெண்ணின் முகத்தை வேறொரு உடலோடு ஒட்டி, போலிக் கணக்கிலிருந்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். நாட்கள் கடந்தன. இன்னொரு படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். போட்டவன் பெயரைக் கண்டுபிடிக்க நாள் வேண்டியிருந்தது. அவள் பெயர் முதல் நொடியிலேயே எல்லோர் கையிலும் இருந்தது.

பொள்ளாச்சியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஃபேஸ்புக்கில் பெண்களிடம் நட்பாகப் பேசி, வரவழைத்து, வன்கொடுமை செய்து, படம்பிடித்து மிரட்டியது அங்கே ஒரு கும்பல். வெளியே விட்டுவிடுவோம் என்ற சொல்லே அவர்கள் கையிலிருந்த ஆயுதம். 2019இல் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தபோது, அவர் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியில் சொன்னார். வழக்கை மாற்றும் அரசாணையிலும் பெயர் அச்சாகி வந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்த வழக்கில் சாட்சி சொன்ன பெண்கள் தங்கள் பெயர் காக்கப்படும் என்ற உறுதியின்மேல்தான் கூண்டுக்கு வந்தார்கள். ஒருவரும் பிறழவில்லை.

நான் பணியாற்றிய இடத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் நண்பனோடு எடுத்த சாதாரணப் படம் அது. கடற்கரை, கையில் சோளக்கதிர், இருவரும் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். அதை ஸ்டேட்டஸில் இருபது பேருக்கு மட்டும் வைத்திருந்தாள். இருபதில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். மறுநாள் வகுப்புக் குரூப்பில், அதற்கடுத்து சாதிச் சங்கக் குரூப் ஒன்றில், அவள் அப்பா பெயரோடு வந்தது. மூன்றாம் நாள் அவள் அண்ணன் விடுதி வாசலில் நின்றான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது நான் ஆசிரியர் அறையின் ஜன்னலில் நின்றேன். கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஒழுங்குக் குழுவில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குழு கூடியபோது, "அவள் ஏன் படம் போட்டாள்?" என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அகத்தை அம்பலத்தில் ஏற்றியவருக்குப் பெயரில்லை, அகத்துக்கு உரியவளுக்கு மட்டும் பெயர் இருந்தது. அந்தக் குழுவில் நானும் இருந்தேன். நானும் கேட்கவில்லை.

6. ஒரு மறுப்பு

எல்லோரும் உண்மைப் பெயரில் எழுதவேண்டும் என்கிறீர்களா, அது அரசுக்கும் காவல்நிலையத்துக்கும் வசதியாகாதா என்று இளைய ஆய்வாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். சரியான கேள்வி. 2012 நவம்பரில் மராட்டியத்தின் பால்கரில், ஒரு தலைவர் மறைவுக்காக ஊரை அடைத்தது ஏன் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்கள். அதற்கு வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. சொந்தப் பெயரில் பேசியதால் வந்த ஆபத்து அது.

ஆனால் நான் கேட்பது இயற்பெயரை அல்ல. அதற்குச் சான்று நம் பழைய நூல்களிலேயே இருக்கிறது. குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் அவர்களைப் பெயரற்றவர் என்று விட்டுவிடவில்லை. பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து, செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்று பெயரிட்டார்கள். சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தனாக எழுதினார், அந்தப் பெயரில் வந்த சண்டைகளுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். புனைபெயரும் பெயர்தான், நிலையாக நின்று பதில் சொன்னால். அடையாள அட்டையை யாரும் கேட்கவேண்டாம். ஊர்ச்செய்தி அனுப்புகிறவர், இது எனக்கு எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, நான் விசாரித்தேனா என்ற மூன்றையும் சேர்த்து அனுப்பவேண்டும். சிங்கப்பூரில் உட்கார்ந்து என் மாணவன் நிரப்பிய கட்டங்கள் அவைதாம்.

அவையோரே, நன்மையா தீமையா என்று கேட்டு எழுதிய மாணவர்களுக்கு என் விடை இதுதான். இன்று நம் கையில் உள்ள வடிவத்தில் இந்தத் தளங்கள் பெண்களுக்கும் எளியவர்களுக்கும் தீங்கே மிகுதியாகச் செய்கின்றன. அந்தத் தீங்கு தீர்க்கமுடியாதது அல்ல. நிறுவனங்கள் மாற்ற வேண்டியதை மாற்றச் சட்டம் வேண்டும். அதுவரை நம் குரூப்புகளில் நாம் மாற்றலாம். ஒரு பெண்ணின் படம் வந்தால் திறக்காதீர்கள், பிறருக்குக் காட்டாதீர்கள். அனுப்பியவரிடம் கேளுங்கள். மிரட்டல் வந்தால் மறைக்காமல் ஆசிரியரிடம் வாருங்கள். ஆசிரியர்களே, அப்படி ஒரு பிள்ளை வந்தால் ஏன் படம் போட்டாய் என்று கேட்காதீர்கள்.

கடைசியாக, அந்தத் தாளை எழுதியவருக்கு. நீங்கள் இந்த அரங்கில் எங்கோ உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தத் தாளில் உங்கள் தோழியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதற்காக உங்களை வணங்குகிறேன். நேற்று மாலை முதல்வர் அவர்களைப் பார்த்துப் பேசினேன். பெயர் கேட்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. வர விரும்பினால் அடுத்த பருவத்திலேயே சேர்ந்துகொள்ளலாம், விடுதியில் இடம் இருக்கிறது என்றார். இன்று இரவே உங்கள் தோழிக்கு அதைச் சொல்லிவிடுங்கள், அம்மா.